என் கை அளவில் அத்தைக்கு ஒரு பலகை

ஜீவா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ரேஷன் அரிசியில் கல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நாசூக்கு வேண்டாம் என்றுதான் நேராக எழுதுகிறேன். இன்னும் சில வாரத்தில் நீ மாப்பிள்ளையாகப் போகிறாய். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பொறுமையாகப் படி.

நீ எழுதியதை நான் திரும்ப எழுதவேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், அப்போதுதான் எப்படி எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியும். கல்யாணம் முடிந்து எஸ்தரோடு பம்பாய்க்குத் திரும்பும்போது கிருபை அத்தையையும் கூடவே கூட்டிப்போக ஆசைப்படுகிறாய். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. அவள் சமைத்துப்போட்ட பங்களாத் துரை சண்டைக்குக் கிளம்பிப் போனதில் அந்த வேலையும் போய்விட்டது. இனி அத்தை உன்னோடு இருக்கட்டும் என்கிறாய். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நானே அவளுக்கு இதை வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டு உனக்குப் பதில் எழுத வேண்டுமாம். எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறாயே, "உங்களுக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே அம்மா" என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கமும்.

உனக்கு எப்போதும் சரியான காரணம் ஒன்று கையில் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காரணம் சரியாக இருந்துவிட்டால் யார் மனசும் நோகாது என்று உனக்கு எவன் சொன்னானோ தெரியவில்லை. எஸ்தர் கைபிடித்து வரும் வீட்டில் நீ இதே பழக்கத்தோடு நுழைந்துவிடக் கூடாது. அதனால்தான் நீ மறந்துபோன, நான் மறக்காத ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் காய் நறுக்கும் பலகை செய்தாயே, அந்த விஷயம்.

அப்போது நம் வீடு எப்படி நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்கும் அந்த இரண்டு அறை வீடு. உன் அப்பாவுக்கு ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ். எனக்கு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம், காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். உன் அத்தையை அவள் வீட்டுக்காரர் இங்கே விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போனார். போனவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளுக்குத் தம்பி வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கம் ஒரு துரை பங்களாவில் அவளுக்குச் சமையல் வேலை. மத்தியானச் சாப்பாட்டோடு அவள் வேலை முடிந்துவிடும். நீ பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் அவள் இருப்பாள், நான் இருக்க மாட்டேன். நான் யார் வீட்டுப் பிள்ளைக்கோ மூக்கைச் சிந்திவிட்டு, ஆனா ஆவன்னா எழுத வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் பிள்ளைக்கு அவள் சோறு போட்டாள். நான் வாங்கிய சம்பளத்தில்தான் உன் பள்ளிச் செலவு நடந்தது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டுக்கு வரும்போது உனக்கு வயிறு நிறைந்திருக்கும். "பசிக்குதாடா?" என்று கேட்டால், "அத்தை குடுத்துட்டாங்கம்மா" என்பாய். தினமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்பேன், தினமும் நீ அதே பதிலைச் சொல்வாய். ஒரு நாளாவது பொய்யாகப் பசிக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா?

சமையலிலும் அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. நான் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் அரிகிறவள். என் அம்மா, அவள் அம்மா, எல்லாரும் அப்படித்தான். உன் அத்தை பங்களாவில் பழகியவள். அவளுக்கு நின்றுகொண்டே கத்தியால் நறுக்க வேண்டும். நம் வீட்டில் அதற்கு வசதி ஏது? பழைய பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் வைத்து வெங்காயம் நறுக்குவாள். மூடி ஆடும், வெங்காயம் உருளும். "அக்கா, பேசாம உக்காந்து அருவாமணையில அரிஞ்சிடுங்களேன்" என்று நான் சொல்வேன். "எனக்கு முட்டி மடங்காது டீச்சரம்மா, நீ அரி" என்பாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டீச்சரம்மாதான். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம்தான் உன் பள்ளியில் மரவேலை வகுப்பு ஆரம்பித்தார்கள். பின்பக்கம் ஒரு ஷெட் போட்டு, இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் வாங்கி வைத்து, ஒரு கன்னட வாத்தியாரையும் வேலைக்கு எடுத்தார்கள். முதல் வேலையே வீட்டுச் சமையலறைக்குப் பலகை செய்வது. யாருக்குச் செய்கிறாயோ அவர்கள் கையை அளந்துகொண்டு வா, விரித்த சாண் எவ்வளவோ அதற்குத் தகுந்த அகலத்தில் பலகை இருந்தால்தான் காயைப் பிடித்துக்கொண்டு நறுக்கத் தோதாக இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நீ நூலும் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். "அம்மா, கையை விரிங்க" என்றாய். "எதுக்குடா?" என்றேன். "சும்மா. ஸ்கூலுக்கு" என்றாய். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் நூலை இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சுப் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாய். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மறுபடியும் நோட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் மார்க் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

அதற்குப் பிறகு நீ தினமும் சட்டைப் பையில் மரச்சுருளோடு வருவாய். உன் சட்டையைத் துவைக்கும்போது அதை உதறவே எனக்கு மனசு வராது. பலா மரம் என்று சொன்னாய். ஒரு நாள் நாருக்கு எதிர்ப்பக்கமாக இழைத்துவிட்டு, பலகையின் முகம் பிய்ந்துபோய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். சோறு வேண்டாம் என்றாய். மறுநாள் வாத்தியார் திருப்பிப் போட்டு இழைக்கச் சொன்னதில் சரியாகிவிட்டது என்று குதித்துக்கொண்டு வந்தாய். உள்ளங்கையில் கொப்புளம். நான்தான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். தடவிக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாத்தான் செய்யேன்டா, யாரு அவசரப்படுத்துறாங்க?" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பி நான் என்னென்ன செய்தேன் தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தேன், பலகையை மாட்டி வைக்க. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம், "என் பையன் எனக்காகக் கையாலேயே பலகை செய்யறான்" என்று சொல்லிக்கொண்டேன். அரிவாள்மணையில் அரிகிறவளுக்குப் பலகை எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வருஷக் கடைசியில் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். உன் அத்தை வெள்ளைச் சேலைதான். அப்பாவுக்கு டியூட்டி, வரவில்லை. இரண்டாவது வரிசையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு பையனும் தான் செய்த பலகையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்து, வீட்டில் யாருக்காகச் செய்தானோ அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், மரவேலை வாத்தியார் கூடவே வருவார். உன் முறை வந்தது. நீ இறங்கி வந்தாய். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். நீ எனக்கு முன்னாலேயே நின்று, அந்தப் பக்கம் திரும்பி, அத்தை மடியில் பலகையை வைத்தாய்.

நீட்டிய கையை நான் எப்படித் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் அத்தையைப் பார்த்து, "இவரு தாயினா?" என்று உன்னிடம் கேட்டார். நீ பெருமையில் காது சிவந்து நின்றுகொண்டிருந்தாய், கேள்வி உன் காதில் விழுந்ததா இல்லையா தெரியாது. அவள் காதில் விழுந்தது. அவள் இல்லை என்று சொல்லவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஒள்ளெ கெலச மாடிதானெ நிம்ம மக" என்றார் அவர். நல்ல வேலை செய்திருக்கிறான் உங்கள் பிள்ளை என்று என் காது கேட்க அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த பையனோடு போய்விட்டார். நான்தான் தாய் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நாள் முழுக்கக் கத்துகிற வாய்தான். அன்றைக்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது நான் முன்னால் நடந்தேன். நீயும் அவளும் பின்னால் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் கையைத்தானேடா அளந்தே?" என்று கேட்டேன். நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அத்தை கையை அளந்தா அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடுமேம்மா. கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வளையல்தானே வாங்குறோம்? அதனால உங்க கையை அளந்தேன்" என்றாய். சரி, எனக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டுக் கேட்டே விட்டேன். "நீங்கதான் அருவாமணையில அரியறீங்களே? உங்களுக்கு எதுக்கும்மா பலகை?" என்றாய். அதில் என்ன தப்பு? ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகச் செய்திருந்தால் ஒரு அறை வைத்து, அழுது, அத்தோடு முடித்திருப்பேன்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்தார் பார், எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "ஒரு பலகைக்கா பட்டினி? நாளைக்கே மார்க்கெட்ல பெருசா ஒண்ணு வாங்கித் தர்றேன், எந்திரிச்சு சாப்பிடு" என்றார். பலகைக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் பாவம். ஆம்பிளைகளுக்குப் பலகை பலகையாகத்தான் தெரியும். நீயும் அப்படித்தான் இருக்கப்போகிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எஸ்தர் ஒரு நாள் எதற்கோ முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது எதற்கு என்று அவளிடம் கேள். நீயாகக் கண்டுபிடித்து அதற்குப் பதிலாக ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

பலகை வந்த பிறகு நம் தெருவில் நுழையும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். டக் டக் டக் என்று அத்தை காய் நறுக்குவாள். என்ன வேகம்! பீன்ஸை ஊசி மாதிரி நறுக்கித் தள்ளுவாள். நான் அடித்த ஆணியில்தான் பலகை தொங்கியது, அந்த ஆணியை யார் அடித்தது என்று அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உடைத்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். உடைத்தால் நீ அவளுக்கு இதைவிட நல்லதாக இன்னொன்று செய்துகொடுப்பாய் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தேன். ஒரு சனிக்கிழமை, நீயும் அப்பாவும் வெளியே போயிருந்தபோது, அவள் பலகையை எடுத்து வைத்து, அவள் கத்தியை எடுத்து, அவளைப் போலவே நின்றுகொண்டு கத்தரிக்காய் நறுக்கிப் பார்த்தேன். நானும் பலகையில் நறுக்குகிறவள் ஆகிவிட்டால் அடுத்த பலகை எனக்குத்தானே! இரண்டு கத்தரிக்காய்கூட முடியவில்லை, கட்டைவிரலில் சரக்கென்று இறங்கிவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் அவள் கொல்லையிலிருந்து ஓடி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள்பொடியை அப்பி, துணி கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் வலி என்று அவள் நினைத்திருக்கலாம். நான் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு அந்த வாத்தியார் கேட்டப்ப ஏன்க்கா இல்லேன்னு சொல்லலை?"

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சொல்லியிருக்கணும் டீச்சரம்மா. தப்புதான். அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டுப் போவோமேன்னு இருந்துச்சு."

அதைக் கேட்டு என் மனம் இளகிவிட்டது, அவளைக் கட்டிக்கொண்டேன் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என் பொறாமை இன்னும் கூடித்தான் போனது. அதுவரை அவளைத் திட்டவாவது எனக்கு உரிமை இருந்தது, அதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். "சரி விடுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட விரலோடு தரையில் உட்கார்ந்து மிச்சக் கத்தரிக்காயை அரிவாள்மணையிலேயே அரிந்தேன். அன்றைக்குக் குழம்பு நன்றாக வந்தது. நீ இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, பிரமாதம்" என்றாய். உன்னை என்ன செய்யலாம் சொல்.

அப்பா கண்ணை மூடிய பிறகு நீயும் பம்பாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டாய். வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். உன் கடிதம் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். இந்தக் கொடுமை வேறு எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. நீ எனக்கு எழுதுவது ஒரு பக்கம், பணம் வந்ததா, மழை பெய்ததா, அவ்வளவுதான். அத்தைக்கு எழுதுவதுதான் நீளம். அதையும் நானே என் குரலில், ஏற்ற இறக்கத்தோடு, அவள் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை, "அத்தை கை மீன் குழம்புபோல இங்கே எங்கும் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் தாண்டிப் போய்விட்டேன். முடிந்ததும் அவள், "மீன் குழம்பைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்டாள். "இருங்க, பின்பக்கம் பார்க்கலை" என்று தாளைத் திருப்பி வாசித்தேன். பின்பக்கம் வெறும் தாள். அவளுக்குப் பார்வை மங்கியிருந்ததே தவிர புத்தி மங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் ஜீவா, நீ போன பிறகு எங்கள் இரண்டு பேருக்குள்ளும் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை, உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மண்ணெண்ணெய்க் கியூவில் அவள் போய் நிற்கிறாள். அவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தால் நான் பிடுங்கிக் கோத்துக் கொடுக்கிறேன். தினமும் சண்டை. ரசத்தில் புளி கூட என்று சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. ஆனால் சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றும் வரைக்கும் அவள் காப்பி குடிக்க மாட்டாள். எவ்வளவு நேரமானாலும் சரி. "குடிக்கிறதுதானே, எதுக்கு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கத்துவேன். "தனியா குடிச்சா இறங்க மாட்டேங்குது" என்பாள். அப்புறம் "பசிக்குதா?" என்று கேட்பாள். என்னைத்தான் கேட்பாள். யாரும் என்னை அப்படிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். ஒரு வரிகூட விடாமல் வாசித்தேன். நீ கூட்டிப்போக ஆசைப்படுகிறாய் என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது பார், இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. "என்னையா? பம்பாய்க்கா? அங்க கடல் இருக்குமில்ல?" என்றாள். எழுந்து போய்ப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. சேலைகளை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். நான் சமையலறையில் பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. பிள்ளை அவளைத்தான் கூப்பிட்டான், என்னைக் கூப்பிடவில்லை என்று ஒரு எரிச்சல். அவளும் ஒரு நிமிஷம் யோசிக்காமல் என்னை விட்டுக் கிளம்பிவிட்டாள் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது என்று புரிந்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சாப்பாடெல்லாம் ஆன பிறகு அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன டீச்சரம்மா, ஒண்ணுமே சொல்லலை?" என்று கேட்டாள்.

"நான் என்ன சொல்றது? உங்க புள்ள கூப்பிடறான், போங்க" என்றேன்.

அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "யார் புள்ள?"

"உங்க புள்ளதான். சோறு போட்டது நீங்க, அவன் யாரைத் தேடறான்னு எழுத்துலயே தெரியுது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு, போதுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவன் யார் புள்ளையா வேணா இருக்கட்டும். நான் போனா உனக்குச் சரிதானா? அதைச் சொல்லு" என்றாள்.

"சரிதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "சரியில்லை" என்றேன். "எனக்குச் சரியில்லைக்கா. போகாதீங்க. சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்துக்கிட்டு நுழைய என்னால முடியாது. போகாதீங்க." சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். டீச்சராம் டீச்சர்!

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கா காலையிலேருந்து பாத்திரத்தையெல்லாம் நசுக்கினே?" என்றாள் உன் அத்தை. பெட்டியை மூடினாள். "கடலை யாரு பார்த்தா? தண்ணிதானே."

ஆகவே இதுதான் பதில். உன் அத்தை பம்பாய்க்கு வரமாட்டாள். நீயும் எஸ்தரும் மட்டும் போங்கள். வீட்டை நீங்கள் இரண்டு பேருமாகவே அமைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நல்லது. எஸ்தர் தங்கவயலில் வளர்ந்த பெண், அவளுக்கும் ஒரு சமையல் பழக்கம் இருக்கும். அவள் நின்று சமைக்கிறவளா, உட்கார்ந்து சமைக்கிறவளா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். அவள் வேலைக்குப் போக ஆசைப்பட்டால் போகட்டும். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது நீ எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் பசிக்கிறது என்று சொல், செத்துவிட மாட்டாய். அவள் ஒன்றுக்கும் உதவாத விஷயத்துக்குப் பொறாமைப்பட்டால் சிரிக்காதே, அப்பா சிரித்தது போதும். பொறாமைப்படாத பெண்டாட்டி வேண்டுமென்றால் சாமியாராகப் போ.

நீ அத்தைமேல் வைத்திருக்கும் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளுக்குக் கண் மருத்துவம் பார்க்கவேண்டும், அதற்கு நீ பணம் அனுப்பலாம், தடையில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அதற்கும் தடையில்லை. ஆனால் அவளை உன்னோடு கூட்டிப்போகிற பேச்சை இனிமேல் எடுக்காதே. நீ கேட்டாய், நானும் கேட்டேன். ஒரே நாளில், ஒரே வீட்டில், இரண்டு பேரும் கேட்டோம். அவள் என் பக்கம் வந்துவிட்டாள். உன்னோடு போட்டி போட்டு நான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை, அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

இதைப் படிக்கும்போது உனக்கு வயிறு எரியும். எனக்குத் தெரியும். "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கத் தோன்றும். கேள். என்னிடம் சரியான காரணம் ஒன்றும் கிடையாது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

உன் அம்மா